இடம் மாறினால் குறி மாறாது

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பி இயற்கணிதத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அந்தப் பக்கம் போனால் குறி மாறும். அவிநாசியில் சாயங்கால டியூஷன் நடக்கிற வீடுகளில் இதை இன்றும் கேட்கலாம். "ப்ளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், மைனஸ் போனா ப்ளஸ், பெருக்கல் போனா வகுத்தல். அவ்வளவுதான் கண்ணு, கணக்கு முடிஞ்சுது." சொல்லிக் கொடுப்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளும் நம்பி எழுதுகிறார்கள். ஆனால் இந்த வாய்ப்பாடு பொய். இடம் மாறுவதால் எந்த உறுப்பின் குறியும் மாறுவதில்லை. சமக்குறியின் இந்தப் பக்கமும் மாறுவதில்லை, அந்தப் பக்கமும் மாறுவதில்லை. இந்தப் பொய்யைக் குறுக்குவழி என்று போற்றி ஏழாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதுதான், அவர்கள் பின்னால் கணக்கைக் கண்டு ஓடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாறியை ப என்று வைத்துக்கொள்ளலாம். 4ப − 7 + 3ப என்ற கோவையைச் சுருக்க வேண்டும். ஒத்த உறுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தால் 4ப + 3ப − 7, அதாவது 7ப − 7. இவ்வளவுதான் வேலை. ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் இதற்கு மூன்று விதமான தவறான விடைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஒரு பிள்ளை 7ப + 7 என்று எழுதும். இன்னொன்று ப + 7 என்று எழுதும். மூன்றாவது −6ப என்று எழுதும். ப-வுக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். மூலக் கோவையின் மதிப்பு 4 − 7 + 3, அதாவது 0. இந்த மூன்று விடைகளும் முறையே 14, 8, −6 என்று வருகின்றன.

இதைப் பார்த்ததும் நாம் சொல்வது "கவனமே இல்லை" என்பதுதான். அம்மாவும் அப்பாவும் சொல்கிறார்கள், ஆசிரியரும் ரேங்க் கார்டில் அதையே எழுதுகிறார். நான் இதை மறுக்கிறேன். இந்த மூன்று பிள்ளைகளும் கவனமாகத்தான் இருந்தார்கள். சொல்லிக் கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்தார்கள். முதல் பிள்ளை 7-ஐ நடுவிலிருந்து கடைசிக்கு நகர்த்தியது. நகர்ந்தால் குறி மாறும் என்று படித்திருக்கிறது, மாற்றிவிட்டது. இரண்டாவது பிள்ளைக்குக் குறிகள் என்பவை எண்களுக்கு நடுவே அசையாமல் நிற்பவை. அதனால் குறிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 7-ஐயும் 3ப-வையும் மட்டும் மாற்றி வைத்தது. 4ப − 3ப + 7 என்றானது. மூன்றாவது பிள்ளை போட்மாஸ் படித்த பிள்ளை. கூட்டல் முதலில், கழித்தல் பிறகு என்று மனப்பாடம் செய்திருக்கிறது. 7-ஐயும் 3ப-வையும் முதலில் கூட்டி 10ப ஆக்கிவிட்டு, பிறகு கழித்தது. அதில் எண்ணையும் மாறியையும் சேர்த்தது தனிப் பிழை, ஆனால் அந்த இரண்டையும் முதலில் கூட்டத் தூண்டியது நாம் கொடுத்த வரிசைதான். மூன்று தவறுகளும் மூன்று குறுக்குவழிகளின் நேரடி விளைச்சல். பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு விதிகளைச் சோதிப்பதுதான் நியாயம்.

சரியான விதி ஒன்றே ஒன்று. ஒரு கோவையில் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முன்னால் நிற்கும் குறியோடு சேர்ந்தே ஓர் உறுப்பு. 4ப − 7 + 3ப என்பதில் உறுப்புகள் +4ப, −7, +3ப ஆகியவை. முதல் உறுப்புக்கு முன்னால் எழுதப்படாத ஒரு கூட்டல் குறி இருக்கிறது. கழித்தல் என்று நாம் சொல்வது குறை எண் ஒன்றைக் கூட்டுவதே. ஆக இந்தக் கோவையில் நடப்பதெல்லாம் கூட்டல். கூட்டலில் வரிசை எப்படி இருந்தாலும் தொகை ஒன்றுதான். எனவே உறுப்புகளை, அவற்றின் குறிகளோடு, எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

அவிநாசியில் வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. அங்கே வருகிற ஐந்து பருத்தி மூட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 50 கிலோ இருக்க வேண்டும் என்று கணக்கு. எடை போட்டால் ஒன்று 2 கிலோ கூடுதல், அடுத்தது 3 கிலோ குறைவு, அடுத்தது 1 கூடுதல், அடுத்தது 4 குறைவு, கடைசி 6 கூடுதல். அதாவது +2, −3, +1, −4, +6. மொத்தத்தில் 2 கிலோ கூடுதல், 252 கிலோ. இப்போது மூட்டைகளை வண்டியிலிருந்து வேறு வரிசையில் இறக்கினால் என்ன ஆகும்? இரண்டாவது மூட்டையைக் கடைசியில் அடுக்கினால் அதிலுள்ள 3 கிலோ குறைவு 3 கிலோ கூடுதலாகிவிடுமா? எழுத்தறியாத விவசாயியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். குறைவு அந்த மூட்டைக்குள் இருக்கிறது, அது நிற்கும் இடத்தில் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறை எண் புரியாது, அதனால் குறுக்குவழியே கதி என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே புரிந்திருக்கிறது. நாம்தான் வகுப்பறையில் அதைக் குழப்புகிறோம்.

குறி எண்ணுக்குச் சொந்தம் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்துக் கூட்டல், கழித்தல் விதிகளை வகுத்தார். கடனும் கடனும் சேர்ந்தால் கடன். சுழியிலிருந்து கடனைக் கழித்தால் செல்வம். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதம் எழுதியபோது குறை எண்ணின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தார். உறுப்புகளைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் எழுதினார், அவற்றுக்கு நடுவே கூட்டல் குறியே கிடையாது. தெரியாத அளவுகளுக்கு யா, கா, நீ என்று எழுத்துகளை வைத்துக்கொண்டார். இந்த முறையில் ஓர் உறுப்பை நகர்த்தினால் அதன் தலையிலுள்ள புள்ளியும் கூடவே வந்தே தீரும். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நகர்த்தும் பிழைக்கு அங்கே இடமே இல்லை. பெஷாவர் அருகே பக்ஷாலி என்ற ஊரில் 1881-இல் கிடைத்த பூர்ஜ மரப்பட்டைச் சுவடியிலும் குறை எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கிறது. இன்றைய கூட்டல் குறி போலவே தோன்றும் சிலுவை வடிவ அடையாளம் அது. சீனத்தில் 263-இல் லியூ ஹூய் எழுதிய உரையில் மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி. குச்சியை எங்கே தூக்கி வைத்தாலும் நிறம் மாறுமா?

நாம் இன்று எழுதும் கூட்டல், கழித்தல் குறிகளுக்கும் கதை வேறில்லை. அவை முதன்முதலாக அச்சில் வந்தது 1489-இல், லைப்சிக் நகரில் யோகானஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணித நூலில். சரக்கு எடை கணக்கில் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதைக் குறிக்கவே அவர் அவற்றைப் பயன்படுத்தினார். இரண்டு எண்களுக்கு நடுவே நின்று "இதைச் செய்" என்று கட்டளையிடும் வேலை இந்தக் குறிகளுக்கு நிலைபெற்றது பிற்பாடு. பள்ளியில் நாம் அந்தக் கட்டளை வேடத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூல வேடத்தை மறைத்துவிடுகிறோம்.

எதிர்த்தரப்பில் படித்தவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. கழித்தலுக்குப் பரிமாற்றுப் பண்பு கிடையாது என்று பாடப்புத்தகமே சொல்கிறதே, பிறகு எப்படி இடம் மாற்றலாம் என்கிறார்கள். பாடப்புத்தகம் சொல்வது சரிதான். 8 − 3 வேறு, 3 − 8 வேறு. ஆனால் 8 − 3-ஐ 3 − 8 என்று எழுதுகிறபோது உறுப்புகள் இடம் மாறவில்லை. +8, −3 என்ற இரண்டு உறுப்புகள் போய் +3, −8 என்ற வேறு இரண்டு உறுப்புகள் வந்துவிட்டன. முறையாக இடம் மாற்றினால் −3 + 8 என்று வரும். அதன் மதிப்பு 5-தான். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் பத்து நிமிடம் செலவழித்துக் காட்டாமல், "கழித்தலில் மாற்றக் கூடாது" என்ற ஒற்றை வரியை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். அடுத்த மாதமே "ஒத்த உறுப்புகளை ஒன்றுசேர்" என்று இயற்கணிதத்தில் கேட்கிறோம். மாற்றக் கூடாது என்றதையும் மாற்று என்றதையும் ஒரு பிள்ளை எப்படிப் பொருத்திப் பார்க்கும்?

போட்மாஸ் செய்யும் தீங்கு இதைவிடப் பெரியது. அந்தச் சொல்லில் ஏ முன்னால் வருகிறது, எஸ் பின்னால் வருகிறது. அதனால் 10 − 3 + 2-க்கு விடை 5 என்று அடித்துச் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தமும் அரைகுறைதான். +10, −3, +2 என்று உறுப்புகளாகப் பார்க்கிறவருக்கு எந்தத் திசையும் தேவையில்லை. மூன்று உறுப்புகளை ஆறு வரிசைகளில் எழுதலாம். 2 + 10 − 3, −3 + 2 + 10 என்று எப்படி எழுதினாலும் ஆறிலும் 9 வரும். இடமிருந்து வலம் என்பது குறியை எண்ணோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாதவருக்கான ஊன்றுகோல். நடக்கத் தெரிந்த பிள்ளையின் கையிலும் அதைத் திணிப்பானேன்?

அடைப்புக்குறியை நீக்கும்போது குறி மாறுகிறதே என்று கேட்கலாம். மாறுகிறது, உண்மை. 20 − (8 − 5 + 2) என்பதை விரித்தால் 20 − 8 + 5 − 2. மதிப்பு 15. இங்கே 5-இன் குறி மாறியதற்குக் காரணம் அது இடம் மாறியது இல்லை. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அடைப்புக்குள் இருப்பதை மொத்தமாகக் கழிக்கிறோம். குறைவைக் கழித்தால் கூடுதல். பிரம்மகுப்தர் அன்றே சொன்ன விதி. ஒரு செயல் நடந்தால் குறி மாறலாம், நகர்ந்ததால் மாறாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அடைப்புக்குறி பயம் கிடையாது.

இப்போது சமக்குறிக்கு வருவோம். "அந்தப் பக்கம்" என்பதன் கோட்டையே அதுதான். 4ப − 7 = 2ப + 5 என்ற சமன்பாட்டில் −7 அந்தப் பக்கம் போய் +7 ஆகிறது என்கிறார்கள். எதுவும் எங்கும் போகவில்லை. இரண்டு பக்கமும் 7-ஐக் கூட்டினோம். இடப்பக்கத்தில் −7-ம் +7-ம் சேர்ந்து சுழியாயின. வலப்பக்கத்தில் புதிதாக ஒரு 7 வந்தது. இரண்டு பக்கமும் 2ப-வைக் கழித்தோம். 2ப = 12, ப = 6. பாஸ்கரரின் மரபில் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகளில் எழுதி, ஒரே வகை உறுப்புகள் நேருக்கு நேர் நிற்க வைத்து, இரண்டிலும் சமமாகக் கழிப்பார்கள். மேல் வரி, கீழ் வரி என்று நிற்கும் அந்த அமைப்பில் தாவிக் குதிப்பதற்கு "அந்தப் பக்கம்" என்ற ஒன்றே இருக்கவில்லை.

சொல் வேறானாலும் விடை ஒன்றுதானே, இதில் என்ன வம்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடை ஒன்றாக வருவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. 7 − ப = 3 என்று கொடுத்துப் பாருங்கள். 7-க்குப் பக்கத்தில் நிற்கும் கழித்தல் குறியை 7-உடையது என்று எண்ணி, அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கூட்டலாக்கி, ப = 10 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 2ப = 10 என்று கொடுத்தால் ப = 10 − 2 = 8 என்று வரும். −3ப = 12 என்பதற்கு, பெருக்கல் வகுத்தலாகிவிட்டது, கழித்தல் கூட்டலாகிவிட்டது என்று இரண்டு விதியையும் சேர்த்துப் போட்டு ப = 4 என்பார்கள். சரியான விடை −4. இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்று தெரிந்த பிள்ளை இதில் எதையும் செய்யாது, −3-ஆல் இரு பக்கமும் வகுத்துவிட்டுப் போய்விடும்.

பெற்றோர்கள் என்னிடம் நேராகவே கேட்பது உண்டு. "விளக்கமெல்லாம் எதுக்குங்க சார், பையனுக்கு மார்க் வந்தாப் போதுங்க." காலையிலிருந்து இரவு வரை பனியன் கம்பெனியில் நின்று வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளையின் படிப்புக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கட்டுகிறவர்கள் இப்படிக் கேட்பதில் குற்றமே இல்லை. அவர்களுக்காகவே மார்க் கணக்கில் பதில் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காணும் பாடம் இருக்கிறது. பொதுத்தேர்வில் பெரிய வினாவாகக் கேட்கப்படக் கூடியது. அதில் முதல் வேலை, உறுப்புகளைப் படிகளின் இறங்கு வரிசையில் அடுக்குவது. 13ப² − 12ப + ப⁴ + 4 − 6ப³ என்று கலைத்துக் கொடுத்தால், ப⁴ − 6ப³ + 13ப² − 12ப + 4 என்று திருப்பி எழுத வேண்டும். முதலில் நின்ற 13ப² நடுவுக்கு வரும்போது அதன் எழுதப்படாத கூட்டல் குறி வெளியே தெரிய வேண்டும். கடைசியில் நின்ற −6ப³ முன்னால் வரும்போது தன் கழித்தலோடு வர வேண்டும். சரியாக அடுக்கியவருக்கு ப² − 3ப + 2 என்று அழகாக விடை வரும். ஒரே ஒரு குறி பிசகினாலும் மீதி வராமல் முடியாது, அரைப் பக்க உழைப்பும் வீண். ஏழாம் வகுப்பில் மிச்சப்படுத்திய ஒரு வாரத்துக்குப் பத்தாம் வகுப்பில் இப்படி வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

உயர்கணிதம் படித்தவர்கள் கடைசியாக ஓர் அம்பை எடுப்பார்கள். உறுப்புகளை வரிசை மாற்றினால் தொகையே மாறும் தொடர்கள் உண்டே என்பார்கள். உண்டு. 1 − 1/2 + 1/3 − 1/4 + … என்று முடிவில்லாமல் போகும் தொடரின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 0.693. அதே உறுப்புகளை ஒரு கூட்டல், இரண்டு கழித்தல் என்ற வரிசையில் 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … என்று அடுக்கினால் தொகை அதில் சரிபாதியாகிவிடும். இப்படிப்பட்ட தொடரை வரிசை மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் தொகையாகப் பெறலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ரீமான் காட்டினார். நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887-இல் பிறந்த ராமானுஜன், 1913 பிப்ரவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன் கோட்பாட்டின்படி 1 + 2 + 3 + 4 + … என்ற தொடருக்கு −1/12 என்ற மதிப்பு வருகிறது என்றார். வழக்கமான பொருளில் அது கூட்டுத்தொகை இல்லை. அவருடைய நோட்டில் அதை வருவிக்கும்போது, தொடரை நான்கால் பெருக்கி வந்த 4, 8, 12-ஐ மேல் வரியின் 2, 4, 6-க்கு நேர்கீழே வைத்துக் கழித்தார். எந்த உறுப்புக்குக் கீழ் எந்த உறுப்பு என்பது அங்கே உயிர்நிலை. இவையெல்லாம் முடிவிலிக்கே உரிய நுட்பங்கள். பள்ளிக் கோவையில் மூன்றோ ஐந்தோ பத்தோ உறுப்புகள்தான். அங்கே இந்த எச்சரிக்கைக்கு வேலையில்லை. அதோடு, முடிவிலித் தொடரில் வரிசை மாறித் தொகை மாறியபோதும், எந்த உறுப்பும் தன் குறியை இழக்கவில்லை. 1/2 கழித்தலாகவே இருந்தது, 1/3 கூட்டலாகவே இருந்தது. ஆக இந்த அம்பும் குறுக்குவழிக்காரர்களுக்கு உதவாது.

வேறு வழியில் சொல்லிக் கொடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் அச்சிலேயே வந்துவிட்டது. 2025-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஏழாம் வகுப்புக் கணித நூலான கணித பிரகாஷ், இயற்கணிதத்துக்கு முன்பாகவே எண்கோவைகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. கழித்தலைக் குறை எண்ணின் கூட்டலாக மாற்றி, கோவையை உறுப்புகளின் கூட்டலாகப் பிரித்து, உறுப்புகளை இடம் மாற்றினாலும் சேர்த்துக் குழுவாக்கினாலும் மதிப்பு மாறாது என்று எண்களிலேயே காட்டிவிட்டு, அதன் பிறகுதான் எழுத்துகளுக்குப் போகிறது. அந்த நூலின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. இந்த ஒரு முடிவு மிகச் சரியானது. நம் மாநிலப் பாடநூல்களிலும் கூட்டல் நேர்மாறு இருக்கிறது, முழுக்களின் பண்புகள் இருக்கின்றன, ஒத்த உறுப்புகள் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்துக் காட்டும் வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அது விட்டுப்போகிறது.

அதனால் ஆசிரியர்களிடமும், டியூஷன் எடுக்கும் அக்காமார்களிடமும், நோட்டைத் திருத்தும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கோவையைச் சுருக்கச் சொல்வதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் அதன் குறியோடு சேர்த்து வட்டமிடச் சொல்லுங்கள். முதல் உறுப்புக்கு முன்னால் கூட்டல் குறியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உறுப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் குறியோடு எழுதிக் கொடுத்து, கலைத்துக் கலைத்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் தொகையைக் கண்டுபிடிக்க விடுங்கள். சமன்பாடு வரும்போது இரண்டு பக்கமும் என்ன செய்தோம் என்பதை ஒரு வரியில் எழுத வையுங்கள். தவறு வந்தால் கவனக்குறைவு என்று எழுதாமல், அந்தக் குறி எந்த உறுப்புடையது என்று கேளுங்கள். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.